சிங்கப்பெருமாள் கோயில் சாலையும் நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர்களும்

தமிழ்நாட்டில் சரக்கு லாரி ஓட்டுவது ஏறத்தாழ நூறாண்டு வயதுள்ள தொழில். ஒரு மாநிலத்துக்குள்ளோ பல மாநிலங்களைக் கடந்தோ நாள்கணக்கில் வண்டியிலேயே தங்கிச் சரக்கு கொண்டு செல்பவர்கள் நெடுந்தொலைவு ஓட்டுநர்கள் எனப்படுகின்றனர். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை இவர்கள் அதிகம் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று. பெருந்தெற்குப் பெருவழி என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே ஜி.எஸ்.டி. செங்கல்பட்டுக்குச் சற்று வடக்கே இச்சாலையில் உள்ள சிங்கப்பெருமாள் கோயில் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு, இத்தொழிலின் வேலை நேரம், கூலி, சட்டம், உடல்நலம் ஆகியவை எப்படி மாறிவந்தன என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

இடம்

சிங்கப்பெருமாள் கோயில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. பல்லவர் காலக் குடைவரையான பாடலாத்ரி நரசிம்மர் கோயிலால் ஊருக்கு இப்பெயர் வந்தது. வடக்கே மறைமலை நகர்த் தொழிற்பேட்டை. தெற்கே மகிந்திரா உலக நகரமும் பரனூர்ச் சுங்கச்சாவடியும். மேற்கே பிரியும் சாலை ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குப் போகிறது. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இங்கு அடுத்தடுத்து ஓடுகின்றன.

மேற்குச் சாலை 1990களின் பிற்பகுதி வரை ஊர்களை இணைக்கும் சாதாரணச் சாலைதான். மறைமலை நகரில் போர்டு, ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் ஆகிய ஆலைகள் வந்தபின் அது சரக்குப் பாதையாயிற்று. கார் ஏற்றும் நீண்ட டிரெய்லர்களும் உதிரிபாகப் பெட்டி லாரிகளும் இரவு பகலாக ஓடத் தொடங்கின. ஒரகடத்து டைம்லர் ஆலை 'பாரத்பென்ஸ்' லாரிகளையே தயாரிக்கிறது. லாரி பிறக்கும் இடமும் லாரிக்காரர் காத்துக்கிடக்கும் இடமும் இங்கே சுமார் 12 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன.

தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் லாரிகளுக்கு இப்பகுதி வேறொரு வகையிலும் முக்கியமானது. மாநகருக்குள் கனரகச் சரக்கு வண்டிகள் பகலில் நுழைவதற்குக் கட்டுப்பாடு உண்டு. மாலையில் வந்து சேரும் வண்டி நேரம் பார்த்து நகருக்குள் நுழையவேண்டும். ஒட்டன்சத்திரம், தேனிப் பக்கத்துக் காய்கறி கோயம்பேட்டுக்கு இரவுக்குள் போய்ச்சேர வேண்டும். அரியலூர் சிமெண்டுக்கு அந்த அவசரமில்லை. அதனால் அவசரமில்லாத வண்டிகள் செங்கல்பட்டுக்கும் வண்டலூருக்கும் இடையே சாலையோரம் நிற்பது வழக்கமாகிவிட்டது. காலியாகத் திரும்பும் வண்டிகள் அடுத்த லோடு கிடைக்கும்வரை இதே ஓரத்தில் நிற்கும்.

லாரிக்கு முன்

இப்பகுதியின் நெடுந்தொலைவுச் சரக்குத் தொழிலாளர் வரலாறு லாரியோடு தொடங்கவில்லை. மாட்டு வண்டிகள் வண்டிப்பேட்டைக்கு வண்டிப்பேட்டை தங்கிச் சென்றன. வண்டிக்காரர் எவ்வளவு ஓட்டலாம் என்பதை மாடு முடிவு செய்தது. மாடு களைத்தால் வண்டி நிற்கும். அதை யாரும் மீற முடியாது. தலைச்சுமைக்காரர் பாரத்தை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கற்களும், வழிப்போக்கர் படுக்கச் சத்திரங்களும் சாவடிகளும் பெருவழிகளில் இருந்தன.

கடற்கரையோரம் பக்கிங்காம் கால்வாய் இருந்தது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய இக்கால்வாய், பின்னர் தெற்கே கோவளம், மாமல்லபுரம் பகுதிகளைக் கடந்து மரக்காணம் வரை நீண்டது. 1870களின் பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் இணைப்பு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கும் வைக்கப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் கொண்டுபோயினர். படகோட்டிகள் படகிலேயே சமைத்தனர், படகிலேயே தூங்கினர். வேலையிடமே வீடாகும் இந்த நிலை பின்னாளில் லாரியின் கேபினுக்கு அப்படியே மாறியது. 1960களின் நடுவில் அடித்த புயல்களுக்குப்பின் கால்வாய்ப் போக்குவரத்து மீண்டெழவில்லை. அதற்குள் லாரி வந்துவிட்டிருந்தது.

லாரியின் வரவும் முதல் சட்டமும்

1870களில் செங்கல்பட்டு வழியாகத் தெற்கே ரயில் பாதை போடப்பட்டபின் நெடுந்தொலைவுச் சரக்கு ரயிலுக்குப் போயிற்று. முதல் உலகப்போருக்குப்பின் மோட்டார் லாரிகள் பெருகி, ரயிலின் வருவாயைக் குறைக்கத் தொடங்கின. சாலை-ரயில் போட்டியை ஆராய்ந்த மிட்செல்-கிர்க்னஸ் அறிக்கை 1930களின் தொடக்கத்தில் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. லாரி எங்கே ஓடலாம், எத்தனை ஓடலாம் என்பதைப் பர்மிட் மூலம் கட்டுப்படுத்தியதால், இச்சட்டம் ரயிலைக் காத்த சட்டம் என்றே பேசப்படுகிறது.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் இருந்தது. சரக்கு, பயணி வண்டிகளின் ஓட்டுநர் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதன்பின் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு வேண்டும். 24 மணி நேரத்தில் 9 மணி, வாரத்தில் 54 மணி என்பது உச்ச வரம்பு. 65ஆம் பிரிவு இதைக் கூறியது. விடுதலைக்கு முன்பே, அதுவும் ரயிலின் நலனுக்காக எழுதிய சட்டத்திலேயே, ஓட்டுநரின் தூக்கத்துக்கு ஓர் எண் குறிக்கப்பட்டுவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது கரிவாயு அடுப்பைப் பின்னால் மாட்டிக்கொண்டு வண்டிகள் ஓடின. அடுப்பைப் பற்றவைப்பதும் சாம்பல் அள்ளுவதும் கிளீனரின் வேலை. போருக்குப்பின் இராணுவம் கழித்த வண்டிகள் சந்தைக்கு வந்தன. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1954இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்சுடன் சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. டீசல் லாரி ஊருக்கு ஊர் பரவியது இதன்பிறகே.

ஆலை விற்றது பெரும்பாலும் சாசியை மட்டுமே. எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் வரை ஆலையில் இருந்து வரும். கேபினும் பின்பெட்டியும் பட்டறையில் கட்டப்படும். நாமக்கல் இத்தொழிலில் நாடறிந்த ஊராயிற்று. மரச்சட்டமும் தகடும் கொண்டு கட்டிய கேபினில் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். அதுதான் ஓட்டுநரின் கட்டில். எஞ்சின் பக்கத்திலேயே இருப்பதால் கோடையில் கேபின் அடுப்பாகும். உரிமையாளர் கேபினுக்குச் செலவழித்ததில் வண்ணமும் அலங்காரமும் பெற்ற பங்கைக் காற்றோட்டம் பெறவில்லை என்றே சொல்லவேண்டும். சாசியைப் புதிதாக ஆலையிலிருந்து நாமக்கல்லுக்கு ஓட்டிப்போகும் வேலை இன்னும் கடுமையானது. கேபினே இல்லாத வண்டியில் தற்காலிக இருக்கையில் அமர்ந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ஓட்டிச்செல்லும் ஓட்டுநர்களை ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாண்டுகள் காணமுடிந்தது.

மேட்டுநிலத்திலிருந்து வந்தவர்கள்

தமிழ்நாட்டு லாரித் தொழிலின் இதயம் செங்கல்பட்டில் இல்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இருக்கிறது. மழை குறைந்த மேட்டுநிலம், பொய்க்கும் கிணறு. வேளாண்மையில் கிடைத்த சிறு முதலை லாரியில் போடுவதும், நிலமில்லாதவர் அந்த லாரியில் கிளீனராக ஏறுவதும் அங்கு ஒருசேர நடந்தன. 1960களில் சங்ககிரியில் சிமெண்டு ஆலை வந்தது லாரிக்கு நிலையான லோடு தந்தது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், நாமக்கல் சமையல் எரிவாயு டேங்கர்களுக்கும் முட்டை லாரிகளுக்கும் பெயர்பெற்றன.

இங்கு உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் இடையே ஆலைத்தொழிலில் இருப்பதுபோன்ற தெளிவான கோடு கிடையாது. முன்னாள் ஓட்டுநர்களில் பலர் கடன் வாங்கி ஒரு வண்டி வாங்கினர். கடன் கட்ட முடியாமல் வண்டியை விட்டுவிட்டு மறுபடி பிறர் வண்டிக்கு ஓட்டப் போனவர்களும் உண்டு. எம்.ஆர்.மசானி தலைமையிலான சாலைப் போக்குவரத்துக் குழு 1959இல் அறிக்கை தந்தபோதே, இந்தியச் சாலைச் சரக்குத் தொழில் ஒற்றை வண்டிக்காரர்களால் நிரம்பியது என்பது தெரிந்திருந்தது. இந்தச் சிறுமைதான் அடுத்துவந்த தொழிலாளர் சட்டத்தைப் பெரும்பாலும் செயலற்றதாக்கியது.

தொழில் கற்கும் வழி ஒன்றே ஒன்று: கிளீனராக ஏறுவது. பதினைந்து பதினாறு வயதில் ஏறும் பையன் வண்டி கழுவுவான், தார்ப்பாய் இழுத்துக் கட்டுவான், ஸ்டெப்னி மாற்றுவான், பின்னால் வண்டி வரும்போது இறங்கி நின்று குரல் கொடுப்பான், சமைப்பான். ஓட்டுநரை 'அண்ணே' என்பான். வயது கூடியவரென்றால் 'மாமா'. காலி வண்டியில், ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங் முதன்முதலாகக் கைக்கு வரும். உரிமம் பின்னாலேயே வரும். சரக்கு வண்டி உரிமத்துக்குச் சட்டப்படி 20 வயது ஆகவேண்டும், இலகு ரக உரிமம் ஓராண்டாவது வைத்திருக்கவேண்டும். பள்ளிக்கு வெளியே, சான்றிதழ் இல்லாமல், ஆனால் ஆண்டுக்கணக்கில் நடந்த பயிற்சி இது. பின்னாளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி வந்து, அனுபவம் உள்ள பலருக்குத் தடையாக நின்று, 2019இல் நீக்கப்பட்டது.

1961: எட்டு மணி நேரம் யாருக்கு?

1961இல் நாடாளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. நெடுந்தொலைவு வழித்தடம் என்றால் உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம். வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். வாரவிடுப்பு உண்டு. இரவில் தங்கநேரும் இடத்தில் ஓய்வறை அமைப்பது முதலாளியின் பொறுப்பு. படிக்கும்போது நல்ல சட்டம்.

ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும். ஒரு லாரியும் ஒரு ஓட்டுநரும் ஒரு கிளீனரும் வைத்திருப்பவர் அதற்குள் வரமாட்டார். இரண்டு லாரி இருந்தாலும் நான்கு பேர்தான். இப்படி, தொழிலின் மிகப்பெரிய பகுதி சட்டத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது. 1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநரின் வேலை நேரத்துக்குத் தனியாக எண் எதையும் குறிக்காமல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளபடி என்று சுட்டிவிட்டது. பின்னர் 1961ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கப்பட்டது. அதன் பொதுவான வரம்பு பத்துத் தொழிலாளர்கள். வாசல் இன்னும் சற்று உயர்ந்தது.

இதே சாலையில் ஓடும் அரசுப் பேருந்து ஓட்டுநருடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தமிழ்நாட்டில் பயணிப் போக்குவரத்து 1960களின் இறுதியிலிருந்து படிப்படியாக அரசுடைமையாக்கப்பட்டது. 1972இல் பல்லவன் முதலிய போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. பேருந்து ஓட்டுநருக்குப் பணிமனை, பணி அட்டவணை, தொழிற்சங்கம், ஊதிய ஒப்பந்தம் கிடைத்தன. சரக்குப் போக்குவரத்து தனியார் கையிலேயே இருந்தது. ஒரே உரிமம், ஒரே சாலை, ஒரே எடையுள்ள ஸ்டியரிங். ஒருவருக்குப் பணி முடியும் நேரம் தாளில் எழுதியிருக்கும்; மற்றவருக்கு லோடு இறங்கும் நேரமே பணி முடியும் நேரம்.

படியும் வாடகையும்

லாரி ஓட்டுநரின் வருவாய் மாதச் சம்பளமாக அமைவது அரிது. பயணத்துக்கு இவ்வளவு என்று படி, அதாவது பேட்டா, அல்லது வாடகையில் ஒரு பங்கு என்பதே வழக்கம். புறப்படும்போது உரிமையாளர் வழிச்செலவுக்குப் பணம் கொடுப்பார். டீசல், சுங்கம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாமூல், பஞ்சர் எல்லாம் அதற்குள். திரும்பிவந்து கணக்குக் கொடுக்கவேண்டும். டீசல் குறித்த அளவைவிட அதிகம் குடித்தால் கேள்வி ஓட்டுநருக்கு வரும்.

இந்தக் கூலிமுறையில் ஓய்வுக்கு விலை உண்டு. அதை ஓட்டுநரே கொடுக்கிறார். மாதத்தில் நான்கு நடை ஓட்டினால் ஒரு தொகை, மூன்று நடையென்றால் அதைவிடக் குறைவு. எனவே யாரும் அடிக்காமலே அவர் இரவில் ஓட்டுகிறார். ஆலை வாசலில் லோடு இறங்க இரண்டு நாள் காத்திருந்தால் அதற்கு ஹால்டிங் வாடகை என்று ஒன்று உண்டு. அது உரிமையாளருக்குக் கிடைப்பதே போராட்டம், ஓட்டுநர்வரை வருவது அதைவிட அரிது. ஒரகடம், மறைமலை நகர் ஆலைகளில் உதிரிபாகம் குறித்த மணிக்கு வந்துசேரவேண்டும் என்ற உற்பத்தி முறை உள்ளது. ஆலை தன் கிடங்கைச் சிறிதாக வைத்துக்கொள்ள முடிவதற்கு, வெளியே சாலையோரம் நிற்கும் லாரி நடமாடும் கிடங்காக இருப்பதும் ஒரு காரணம்.

வாடகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் புக்கிங் ஆபீஸ் தரகர். போகும் லோடைவிடத் திரும்பும் லோடுதான் லாபநட்டத்தை முடிவுசெய்யும். திரும்பும் லோடுக்காக வடநாட்டில் நாள்கணக்கில் காத்திருக்கும்போது அரிசியும் பருப்பும் புளியும் ஸ்டவ்வும் வண்டியிலேயே இருக்கும். வடக்கே போகும் தமிழ் ஓட்டுநர்கள் வண்டி நிழலில் சமைத்துச் சாப்பிடுவது சிக்கனத்துக்காக மட்டுமன்று. மூன்று வேளையும் ரொட்டி அவர்களுக்கு ஒத்துவராததும் காரணம். இந்தி, தெலுங்கு, கன்னடம், மராத்தி ஆகியவற்றில் வேலைக்குப் போதுமான அளவு பேசும் ஓட்டுநர்கள் சாதாரணம். அந்த மொழிப்பயிற்சிக்குப் பள்ளியில் மதிப்பெண் கிடைத்திருக்காது.

சாவடிகள்

சாவடி என்ற தமிழ்ச்சொல் ஒருகாலத்தில் வழிப்போக்கர் இளைப்பாறும் பொதுவிடத்தைக் குறித்தது. லாரிக்காரர் வாழ்வில் அச்சொல் சோதனைச் சாவடியாகவும் சுங்கச்சாவடியாகவும் மட்டுமே எஞ்சியது.

விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு மாநில எல்லையிலும் காகிதங்களைக் காட்டி முத்திரை வாங்க வரிசையில் நிற்கவேண்டும். சரக்கின் வரிக்குப் பொறுப்பு வணிகருடையது. வரிசையில் நின்றவர் ஓட்டுநர். 1975இல் தேசிய பர்மிட் முறை வந்து, ஒரே அனுமதியுடன் பல மாநிலங்களில் ஓடும் வழி திறந்தது. அதுவரை நெடுந்தொலைவு என்பது பெரும்பாலும் அண்டை மாநிலம்தான். 2010இல் ஆண்டுக்கு ஒரே தொகை கட்டி நாடு முழுதும் ஓடலாம் என்று அது எளிமையாக்கப்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. அந்த வரிக்கும் ஜி.எஸ்.டி. என்றே பெயர் அமைந்தது தற்செயல். சாலை பழையது, வரி புதியது. எல்லையில் காத்திருக்கும் நேரம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் மிச்சமான நேரம் ஓய்வாக மாறாமல் கூடுதல் ஓட்டமாக மாறியது.

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம்-திண்டிவனம் பகுதி நான்கு வழியாக்கப்பட்டபின் பரனூரிலும் ஆத்தூரிலும் சுங்கச்சாவடிகள் வந்தன. பயணிகளுக்கு விடுமுறை நாள் நெரிசலால் தெரிந்த பரனூர், லாரிக்காரர்களுக்கு அன்றாடச் செலவால் தெரிந்த இடம். 2020 ஜனவரி 26 அதிகாலை, ஓர் அரசுப் பேருந்து ஊழியருடன் ஏற்பட்ட தகராறு முற்றிச் சாவடி அடித்து நொறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபின் ஓட்டுநர் கையில் சுங்கத்துக்கென்று ரொக்கம் வைத்திருக்கும் தேவை நீங்கியது. வழிப்பறிக்கு அஞ்சிப் பணத்தைக் கேபினில் ஒளித்துவைக்கும் பழைய கவலையில் ஒரு பகுதி அதனால் குறைந்தது.

அதிக பாரம் தனிக்கதை. பாரத்தை ஏற்றச் சொல்வது சரக்குக்காரரும் உரிமையாளரும். எடைமேடையில் பிடிபடுவது ஓட்டுநர். 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்டு, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதிக பாரத்துக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக்கி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேர்த்தது. லாரியின் எடை, நீளம், வரி, வழி, காப்பீடு, புகை ஆகிய எல்லாவற்றையும் சாலையில் நிறுத்தி அளக்க அரசிடம் ஆளும் கருவியும் இருந்தன. அதை ஓட்டுபவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று எந்தச் சாவடியிலும் கேட்கப்படவில்லை.

நோயும் பழியும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வில் கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டில் நெடுஞ்சாலையும் லாரி ஓட்டுநரும் தடுப்புப் பணியின் மையமாயினர். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் அமைந்தது. அமெரிக்க உதவியுடன் தன்னார்வ சுகாதார சேவை என்னும் அமைப்பின்வழி ஏபாக் திட்டம் 1995இல் தொடங்கி, லாரிப்பேட்டைகளிலும் சாலையோரக் கடைகளிலும் ஆணுறை, ஆலோசனை, பால்வினை நோய்ச் சிகிச்சை ஆகியவற்றைக் கொண்டுசென்றது. 2000களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களில் எங்கும் தென்பட்ட 'புள்ளிராஜா' விளம்பரம் இத்திட்டத்தினுடையதே. நாமக்கல் மாவட்டம் தொற்று மிகுந்த மாவட்டமாக அறியப்பட்டது.

இப்பணி உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. பின்னர் தமிழ்நாட்டில் தொற்று விகிதம் குறைந்தது. ஆனால் அதற்கு ஓட்டுநர் கொடுத்த விலை ஒன்றுண்டு. 'லாரிக்காரர்' என்ற சொல்லே நோயோடு ஒட்டிக்கொண்டது. பெண் கொடுக்கத் தயங்கினர். வீடு வாடகைக்குத் தர யோசித்தனர். முதுகுத் தண்டு, சிறுநீரகக் கல், மூலம், கண்பார்வை, காது மந்தம் என்று இத்தொழில் அன்றாடம் தரும் நோய்களுக்கு அந்த அளவு விளம்பரமோ முகாமோ கிடைக்கவில்லை. ஓட்டுநரின் உடல், அது பிறருக்கு ஆபத்தானபோதுதான் பொதுக் கவனத்துக்கு வந்தது.

2020ஆம் ஆண்டு இதே வரலாறு வேறு நோயில் திரும்பியது. மார்ச் 25 பொதுமுடக்கத்தில் ஆயிரக்கணக்கான லாரிகள் நடுவழியில் நின்றன. உணவகம், பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. சில நாள்களில் எல்லாச் சரக்கும் போகலாம் என்று அனுமதி வந்தபின் நாட்டுக்கு அரிசியும் மருந்தும் ஆக்சிஜனும் கொண்டுசென்றவர்கள் இவர்கள். மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, சரக்கு கொண்டுவந்து ஊர் திரும்பிய ஓட்டுநர்களே பல ஊர்களில் அச்சத்தோடு பார்க்கப்பட்டனர்.

சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் பத்துப் போக்குவரத்து மையங்களில் நடத்திய ஆய்வில், ஓட்டுநர்கள் நாளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுவதாகத் தெரியவந்தது. 1939இல் சட்டம் குறித்த எண் 9. தம் வீட்டுப் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்றே பெரும்பாலோர் அதில் கூறினர்.

கிளீனர் இல்லாத கேபின்

கடந்த இருபதாண்டுகளில் கேபினுக்குள் நடந்த பெரிய மாற்றம் கிளீனர் மறைந்தது. வாடகை கட்டுப்படியாகாமல் உரிமையாளர் முதலில் குறைத்த செலவு அது. தேசிய பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்கவேண்டும் என்ற பழைய விதியும் 2018இல் தளர்த்தப்பட்டது. நடைமுறையில் அவ்விதி முன்பே சரிவரக் கடைப்பிடிக்கப்படவில்லை. ஆனால் விபத்து வழக்கில் கேட்பதற்கு அது ஒரு கேள்வியாகவாவது இருந்தது. இப்போது தனியாள் ஓட்டம் பெருகிவிட்டது. இரவு 2 மணிக்குப் பேச்சுக்கொடுத்து விழிக்கவைக்கப் பக்கத்தில் ஆளில்லை. செல்பேசி அந்த இடத்தைப் பிடித்தது, அதன் ஆபத்துகளோடு. கிளீனர் இல்லாததால் புதிய ஓட்டுநர் உருவாகும் வழியும் அடைபட்டது. இன்று உரிமையாளர் சங்கங்கள் ஓட்டுநர் தட்டுப்பாடு என்று முறையிடுகின்றன. பயிற்சிக்கூடத்தை மூடியவர்களே மாணவர் இல்லை என்று வருந்துவதுபோன்றது இது. ஆனால் ஒற்றை வண்டி உரிமையாளருக்கு வேறு வழி இருந்ததா என்பதும் நியாயமான கேள்வியே.

வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் உரிமையாளர்களுடையவை. 2018 ஜூலை 20 முதல் எட்டு நாள் நடந்த அகில இந்திய நிறுத்தத்தின் கோரிக்கைகள் டீசல் விலை, சுங்கம், காப்பீட்டுக் கட்டணம் பற்றியன. ஓட்டுநர்கள் தம் பொருட்டுச் சாலையை நிறுத்தியது 2024 ஜனவரித் தொடக்கத்தில்தான், அதுவும் வடஇந்தியாவில் வலுவாக. புதிய நியாயச் சட்டத்தின் 106(2) பிரிவு, உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. பழைய சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு உச்சத் தண்டனை இரண்டாண்டு. விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது ஓட்டுநர் தரப்பு. அடிபட்டவரைச் சாலையில் விட்டுப்போவதை எந்தச் சட்டம் பொறுக்கும் என்பது மறுதரப்பு. இரண்டும் உண்மை. போக்குவரத்துச் சங்கத்துடன் கலந்து பேசாமல் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று மத்திய அரசு கூறியது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஓய்விடங்கள் பற்றிய பேச்சும் 2024இல் எழுந்தது. நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்காக முதற்கட்டமாக ஆயிரம் ஓய்வுக் கட்டடங்கள் அமைக்கப்படும் என்று அவ்வாண்டு பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். எண்ணெய் நிறுவனங்களின் சில விற்பனை நிலையங்களில் படுக்கை, குளியலறை, சமையலிடம் கொண்ட விடுதிகள் வந்தன. ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பெரிய உணவகங்கள் பேருந்துகளையும் கார்களையும் நம்பிக் கட்டியவை. லாரி திரும்பவும் நிற்கவும் அவற்றில் இடம் குறைவு. லாரிக்காரர் தேர்ந்தெடுப்பது அகலமான டீசல் பங்க்கையோ, தேநீர்க்கடைக்கு எதிரே உள்ள மண் ஓரத்தையோதான். இருட்டில் ஓரம்கட்டிய லாரியின் பின்னால் கார் மோதும் விபத்து இச்சாலையில் அடிக்கடி செய்தியாகிறது. செய்தியில் நிற்கும் லாரி குற்றவாளியாக வரும். அது நிற்க வேறு இடமில்லாததைச் செய்தி சொல்வதில்லை.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயமாயிற்று. சாசியாக விற்கும் வண்டிக்கும் அதற்குரிய கருவித்தொகுதியைத் தரவேண்டும். ஒரகடத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வெளிவரும் புதிய வண்டிகள் அந்த விதிப்படி ஓடுகின்றன. பழைய வண்டிகளுக்கு விதி பொருந்தாது. அவற்றில் கதவைத் திறந்துவைத்து, கேபின் பலகையிலோ வண்டிக்கு அடியில் விரித்த பாயிலோ ஓட்டுநர்கள் பகல் தூக்கம் போடுகிறார்கள்.